பெயரிடுவோன் பொறுப்பு

தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்னும் ஒரே சொல்லால் இருவேறு செயல்களைக் குறித்து வருகிறோம். நீராவி எந்திரத்தை ஆக்கியவரும் கண்டுபிடித்தார் என்கிறோம். கடல் கடந்து சென்று ஒரு தீவைக் கண்டவரும் கண்டுபிடித்தார் என்கிறோம். அரபு மொழி இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. முன் இல்லாத ஒன்றை ஆக்குவது ‘இக்திராஉ’. முன்பே இருந்த ஒன்றின் மீதிருந்த திரையை விலக்குவது ‘இக்திஷாஃப்’. பின்னதன் வேராகிய ‘கஷ்ஃபு’ என்பதற்குத் திரை நீக்கல் என்றே பொருள். முன்னதில் மனிதனின் ஆக்கம் உண்டு. பின்னதில் அவன் செய்தது திரையை விலக்கியது மட்டுமே. திரைக்கு அப்பால் இருந்த பொருள் அவனால் ஆனதன்று.

இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, செய்தித்தாளின் ஒரு மூலையில் அவ்வப்போது காணப்படும் ஒரு செய்தியை நோக்குவோம். ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய வண்டினம் கண்டுபிடிப்பு’ என்பது அதன் தலைப்பாக இருக்கும். புதியது என்றால் யாருக்குப் புதியது? அவ்வண்டினம் நேற்றுத் தோன்றியதன்று. கொடைக்கானல் என்றோர் ஊர் உருவாகுமுன்னரே, அம்மலையில் மனிதன் கால் வைக்குமுன்னரே, அது அங்கே சருகுக்கு அடியில் உண்டும் ஈன்றும் மடிந்தும் வந்திருக்கிறது. புதியது நம்முடைய ஏட்டில் ஏறிய பதிவு மட்டுமே. அங்ஙனமாயின், ஒரு சிற்றுயிருக்குப் பெயரிட்டு விவரிக்கும் மனிதன் உண்மையில் செய்வது யாது? அச்செயலுக்கு அறநோக்கில் ஏதேனும் மதிப்பு உண்டா? அல்லது வேலையற்றோர் பொழுதுபோக்குத்தானா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழனி மலையில் மூவர்

பொதுவாகப் பேசுவதினும் நடந்த ஒன்றைப் பற்றிப் பேசுதல் நன்று. 1972ஆம் ஆண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சார்ந்த பெஸூஷே, லோப்ல், முஸ்ஸார் என்னும் மூவர் தென்னிந்தியாவுக்கு வந்தனர். கேரளத்திலும் தமிழகத்திலும் மலைக் காடுகளைச் சுற்றினர். அவ்வழியே பழனி மலைக்கும் வந்து, நவம்பர்த் திங்களில் கொடைக்கானலை அடுத்த உயர்ந்த சோலைக் காடுகளில் வேலை செய்தனர். அவர்கள் யானையையோ காட்டெருமையையோ தேடி வரவில்லை. மரத்தடியில் மக்கிக் கிடக்கும் இலைச்சருகையே தேடி வந்தனர்.

அவர்களைப் போன்றோர் செய்யும் வேலையின் முறை எளிதானது. ஈரச்சருகையும் அதனடி மண்ணையும் அள்ளிக் கம்பி வலையிட்ட சல்லடைப் பையில் இட்டுக் குலுக்குவார்கள். பெரிய இலைகள் மேலே தங்கிவிடும். பொடியும் பொடியோடு கலந்த உயிர்களும் கீழே விழும். அப்பொடியைத் துணிப்பையில் தொங்கவிட்டு மெல்ல உலரவிடுவதுண்டு. விளக்கின் கீழ்ப் புனலில் பரப்பி வைப்பதும் உண்டு. புனலால் பூச்சிகளைப் பிரிக்கும் முறையை 1905இல் அமைத்தவர் பெர்லேசே என்னும் இத்தாலிய அறிஞர். உலர்வுக்கும் வெளிச்சத்துக்கும் அஞ்சிய பூச்சிகள் ஈரம் தேடிக் கீழ்நோக்கி நகரும். நகர்ந்து அடியில் வைத்த சாராயக் குப்பியில் விழும். இவ்வாறு கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையவை. எள்ளை அருகில் வைத்தால் எள்ளே பெரிதாகத் தோன்றும். இதனினும் சிறிய வண்டுகள் உலகில் உண்டு. கொலம்பியா நாட்டில் அளக்கப்பட்ட ஒரு வண்டின் நீளம் 0.325 மில்லிமீட்டர், 2015இல் வெளியான அளவு அது. மூன்று வண்டுகள் வரிசையாக நின்றாலும் ஒரு மில்லிமீட்டர் நிறையாது.

மூவரும் கொண்டு சென்றவற்றில் பளபளக்கும் ஒரு சிறு வண்டுக் குழுவும் இருந்தது. படகைக் கவிழ்த்தாற்போலக் குவிந்த உடல். மேற்சிறகு பின்புறம் நேராக வெட்டப்பட்டாற்போல முடிய, வயிற்றின் நுனி வெளியே தெரியும். சருகிலும் பட்டுப்போன மரத்திலும் வளரும் பூஞ்சணமே அதன் உணவு. இக்குழுவைப் பற்றி லோப்ல் எழுதிய விரிவான ஆய்வு 1979இல், ஏழாண்டுகள் கழித்து, சுவிட்சர்லாந்து விலங்கியல் ஏடு ஒன்றில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. தென்னிந்தியாவிலிருந்து அதுவரை எவரும் எழுதாத பல சிற்றினங்கள் அதில் முதன்முதலாகப் பெயர் பெற்றன.

ஏழாண்டு என்பதை நீண்ட காலம் என்று எண்ணிவிட வேண்டா. ஓர் உயிர் சேகரிக்கப்பட்ட நாளுக்கும் அது பெயர் பெறும் நாளுக்கும் இடையே கழியும் காலம் சராசரியாக 21 ஆண்டுகள் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பெட்டியில் உறங்கும் ஓர் உடல் தன்னை அறியக்கூடிய கண்ணுக்காக ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்கிறது.

பயன் என்ன என்னும் வினா

இதைக் கேட்ட எவரும் முதலில் கேட்பது, ‘இதனால் என்ன பயன்?’ என்பதே. இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்கலாகாது. உழைத்து உண்ணும் மக்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

இதற்குப் பலர் ஒரு விடையை விரைந்து கூறுவர். சருகை மண்ணாக்குவதில் இச்சிற்றுயிர்களுக்குப் பங்கு உண்டு. மண் வளமானால் சோலை தழைக்கும். சோலை தழைத்தால் மழைநீர் தங்கி ஓடையாய்க் கசியும். அவ்வோடைகள் வைகைக்கும் அமராவதிக்கும் போய்ச் சேர்ந்து சமவெளியின் வயலை நனைக்கும் என்பர். இது உண்மையே. ஆனால் கேட்டவரின் வினாவுக்கு இது விடையாகாது. சருகில் வாழும் நூற்றுக்கணக்கான இனங்களில் குறிப்பிட்ட ஓர் இனம் மறைந்தால் நம் வயலுக்கு வரும் நீர் குறையும் என்று எவரும் மெய்ப்பித்துக் காட்ட இயலாது. பயனை மட்டுமே அடிப்படையாக வைத்து ஒரு சிற்றுயிரைக் காக்கப் புகுவோமாயின், பயன் மெய்ப்பிக்கப்படாத அன்றே அதைக் கைவிடவும் ஒப்புக்கொண்டவர்களாவோம். அறத்தை அத்தகைய மணற்குன்றின் மீது கட்டுவது தகாது.

வேறொரு வழியில் நோக்குவோம். அறிவுலகின் பெரியோர் சிறியதைப் பயன் கருதியா நோக்கினர்? தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தியபோது எறும்பையும் கறையானையும் விட்டுவிடவில்லை. தும்பிக்கும் தனியிடம் தந்தது. பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்-ஜாஹிஸ் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் ஈயையும் வண்டையும் பற்றி ஏடு ஏடாக எழுதினார். ‘மன்திக்கின் ஆசான்’ என்று தாம் மதித்த அரிஸ்டாட்டிலே கூறியதாயினும், பிறர் சொல்லக் கேட்டதை ஆராயாமல் ஏற்க அவர் உடன்படவில்லை. ஹிஜ்ரி 808இல் மறைந்த கெய்ரோ நகரத்து அத்-தமீரீ ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகளில் உயிரினங்களை அகர வரிசையில் தொகுத்தார். திருக்குர்ஆனின் அத்தியாயப் பெயர்களிலே எறும்பு உண்டு, தேனீ உண்டு, சிலந்தியும் உண்டு. கொசுவை உவமையாகக் கூற இறைவன் வெட்கப்படுவதில்லை என்னும் கருத்தை அல்-பகரா அத்தியாயத்தில் ஓதாத இல்லம் நம்மிடையே இராது. சிறுமை என்பது அளவைப் பற்றியதே அன்றி மதிப்பைப் பற்றியதன்று என்பதே இவையனைத்திலும் ஊடுருவி நிற்கும் உண்மை.

எனவே வினாவையே மாற்றிக் கேட்க வேண்டும். ‘இவ்வண்டினால் நமக்கு என்ன பயன்?’ என்பதை விட்டு, ‘இருக்கின்ற ஒன்றை இருக்கிறதென்று உள்ளவாறு உரைப்பது எத்தகைய செயல்?’ என்று கேட்போம். அதற்கு ஒரு பெயர் உண்டு. அது சாட்சியம். பெயரிடுவோன் ஒரு சாட்சி. சாட்சியத்தின் மதிப்பு, வழக்குக்குரிய பொருளின் விலையைப் பொறுத்ததன்று. ஒரு பணத்துக்கான வழக்கிலும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சியே.

சொல்லும் உடலும்

சாட்சி என்றால் எத்தகைய சாட்சி? இங்கே நம் மத்ரஸாக்களில் மன்திக் கலை பயின்றோருக்குப் பழக்கமான ஒரு செய்தி உதவிக்கு வருகிறது. அதீருத்தீன் அல்-அப்ஹரீ இயற்றிய ‘ஈஸாகோஜி’ என்னும் சிறு கிதாபில் ஐந்து பொதுமைகள் கற்பிக்கப்படும். பலவற்றை உள்ளடக்கிய பேரினம் ‘ஜின்ஸு’. அதனுள் அடங்கும் இனம் ‘நவ்உ’. ஓர் இனத்தை அதன் உடன்பிறப்பான மற்ற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மை ‘ஃபஸ்லு’. ஏனைய இரண்டும் இனத்துக்கே உரிய பண்பும், பலவற்றுக்கும் பொதுவான பண்பும் ஆகும். மனிதன் யார் என்றால், பேசும் அறிவுடைய விலங்கு என்பது பாடம். விலங்கு என்பது ஜின்ஸு. பேசும் அறிவு என்பது ஃபஸ்லு. இந்நூலின் பெயரே பொர்ஃபிரி என்னும் பழைய தத்துவ ஆசிரியர் கிரேக்கத்தில் எழுதிய நூலின் பெயர்தான்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸும் இதே அளவைக் கலையின் வாரிசே. அவர் 1758இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பே இன்றுவரை விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க எல்லையாக இருக்கிறது. அவர் வகுத்தபடி ஒவ்வோர் உயிருக்கும் பெயர் இரண்டு சொற்கள்: முதற்சொல் ஜின்ஸு, இரண்டாவது நவ்உ. இன்று ஒரு வண்டை விவரிப்பவரும் அதே வழியில்தான் செல்கிறார். நுண்ணோக்கியின் கீழ் உடலை வைத்து நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குவரை அளக்கிறார். உணர்கொம்பின் கணுக்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். மேற்சிறகின் நுண்புள்ளிகள் எங்கே நெருங்கி எங்கே அகன்றுள்ளன என்று குறிக்கிறார். வெளித்தோற்றத்தில் இரட்டையர்போல் இருக்கும் இனங்கள் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பில் வேறுபடுவதுண்டு; ஆகவே அவ்வுறுப்பைப் பிரித்தெடுத்து வரைகிறார். இறுதியில், ‘இவ்வினம் தன் நெருங்கிய இனத்திலிருந்து இன்ன இன்னவற்றால் வேறுபடும்’ என்று எழுதுகிறார். அதுவே ஃபஸ்லு.

இதுவரை பழைய மன்திக்கும் புதிய விலங்கியலும் கைகோத்தே நடக்கின்றன. இதற்குப் பின் ஒரு திருப்பம் உண்டு. மன்திக்கில் ஒரு சொல் அதன் இலக்கணத்தால் நிலைபெறும். இலக்கணம் பிழையானால் அனைத்தும் பிழையே. விலங்கியலிலோ பெயர் விவரணையோடு கட்டப்படவில்லை. அது ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. விவரிப்பவர் தாம் கண்ட வண்டுகளில் ஒன்றைத் தேர்ந்து, ‘இதுவே இப்பெயருக்குரிய மூலமாதிரி’ என்று அறிவித்து, நிலையான ஓரிடத்தில் பாதுகாக்கச் செய்ய வேண்டும். 1999க்குப் பின் வெளியிடப்படும் புதிய இனங்களுக்கு இவ்வாறு மூலமாதிரியைக் குறிப்பது விதித்தொகுப்பின்படி கட்டாயம். அம்மாதிரி ஒரு சிறு அட்டைத் துண்டில் ஒட்டப்பட்டு, ஊசியில் குத்தப்பட்டு நிற்கும். நூறாண்டு கழித்து ஒருவர் வந்து, ‘இவர் ஆறாம் கணுவைத் தவறாக அளந்துவிட்டார்’ என்று கண்டால் விவரணை திருத்தப்படும், பெயர் நிற்கும். ‘இது தனி இனமே அன்று, முன்னமே ஒருவர் எழுதிய இனந்தான்’ என்று கண்டால், முந்தியவரின் பெயரே நிலைக்கும். முந்தியவர் எவருமறியாத எளியவராகவும், பிந்தியவர் பெரும் பேராசிரியராகவும் இருந்தாலும் விதி ஒன்றே. ஆதலால் விவரிப்பவர் தமக்கு முன் எழுதியோர் அனைவரையும் தேடிப் படிக்கக் கடமைப்பட்டவர். இந்தியத் துணைக்கண்டத்தின் குறுஞ்சிறகு வண்டுகளைப் பற்றிக் கடற்படை மருத்துவராயிருந்த மால்கம் காமரன் 1930க்கும் 1939க்கும் இடையே எழுதிய நான்கு தொகுதிகளைப் புரட்டாமல் அத்துறையில் எவரும் ஒரு வரியும் எழுத முடியாது.

இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கும் அறத்தை எண்ணிப் பாருங்கள். இதை வகுத்தோர், ‘நம் சொல் பிழைபடலாம்’ என்பதை முன்னரே ஒப்புக்கொண்டே வகுத்தனர். பிழை நேராதவாறு காக்க எவராலும் இயலாது. நேர்ந்த பிழை மறையாதவாறு காக்க இயலும். சாட்சியின் நேர்மை அவன் ஒருபோதும் தவறாதவன் என்பதில் இல்லை. தன் சொல்லைச் சோதிப்பதற்குரிய வழியைத் திறந்து வைத்துச் செல்வதில் இருக்கிறது. பொய்யன் முதலில் மறைப்பது அந்த வழியையே.

ஊசியில் தொங்கும் ஸனது

அந்த ஊசியில் வண்டுக்குக் கீழே ஒரு சிறு சீட்டும் குத்தப்பட்டிருக்கும். எந்த மலை, எவ்வளவு உயரம், எந்த நாள், யார் எடுத்தார் என்னும் நான்கு செய்திகளும் அதில் இருக்கும். சீட்டு இல்லாத உடல் எவ்வளவு அழகாயிருந்தாலும் ஆய்வுக்கு ஏறக்குறைய உதவாது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல எவருமில்லை.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது வியப்பளிக்காது. செய்தியாகிய ‘மத்னு’ எவ்வளவு சிறப்பாயிருப்பினும், அதைக் கொண்டுவந்த தொடராகிய ‘ஸனது’ அறுந்திருந்தால் அறிஞர் தயங்கி நிற்பர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் சந்தித்ததுண்டா, அவருடைய நினைவு வலியதா, அவர் வாய்மையாளரா என்று துருவித் துருவிக் கேட்பர். ஒப்புமை முறையைப் பற்றியதே. பொருளின் புனிதத்தைப் பற்றியதன்று. வேதக் கலையையும் வண்டுக் கலையையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. உண்மையைக் கைமாற்றித் தருவோர் எத்துறையினராயினும், ‘யார், எங்கே, எப்போது’ என்னும் கேள்விகளிலிருந்து தப்ப முடியாது என்பதே நாம் கூறவருவது.

இனி, பெயருக்குப் பின்னால் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படுகின்றனவே, அது புகழுக்காகவா எனலாம். சிலருடைய உள்ளத்தில் அவ்வாசை இருக்கவும் கூடும். ஆயினும் அதன் உண்மையான வேலை வேறு. இச்சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் இவர் என்று அது காட்டுகிறது. பத்திரத்தின் அடியில் இடும் கையொப்பத்தைப் போன்றது அது. தன் பெயரையே ஓர் உயிருக்குச் சூட்டிக்கொள்வது நாகரிகமன்று என்பதும் அத்துறையினர் நெடுங்காலமாகப் போற்றிவரும் மரபு.

உயிரை எடுத்துச் சாட்சி சொல்லலாமா?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. சாட்சியம் சொல்வதற்காக அந்த உயிரையே கொல்வது முறையா? இதை மழுப்பிச் செல்வது நேர்மையாகாது.

வீணாக ஓர் உயிரைக் கொல்லுதல் நம் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டது. முற்கால நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்ததற்காக, எறும்புப் புற்று முழுவதும் எரிக்கப்பட்ட நிகழ்ச்சியும், அதற்காக இறைவனின் கண்டனம் வந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. அக்கண்டனத்தின் கருத்தைக் கூர்ந்து நோக்குக. கடித்தது ஒன்று, அழிந்ததோ ஒரு சமூகம். தேவைக்கும் செயலுக்கும் இடையே இருக்க வேண்டிய அளவு அங்கே மீறப்பட்டது.

அந்த அளவுகோலையே இங்கும் வைப்போம். விவரிப்பவர் சில உடல்களை எடுக்கிறார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயிரின் உள்ளுறுப்பை உயிரோடிருக்கையில் ஆராய்ந்து அறியும் வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே தேவை மெய்யானது. அத்தேவைக்கு மேல் ஓர் உடலை எடுப்பினும் அது வீண்கொலையே. விற்பதற்காகவும் பெட்டியை அழகுபடுத்துவதற்காகவும் எடுப்பதும் அவ்வாறே. எடுத்த உடலைப் பூச்சி அரிக்கவும் பூஞ்சணம் பிடிக்கவும் விட்டுவிடுவது இன்னும் பெரிய குற்றம். ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் சாட்சியத்தையும் அழித்ததாக அது முடியும்.

சல்லடையேந்திய மனிதனை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. புற்றை எரித்தவர் யார் என்று கேட்க வேண்டும். பழனி மலையின் உச்சிகளில் இயற்கையாக இருந்தவை பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் ஆகும். அவ்விடங்களில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் எனத் தைலமரமும் சீகை மரமும் பைனும் நடப்பட்டன. அவற்றில் சில தாமாகவும் பரவின. 1973 முதல் நாற்பதாண்டுக் கால விண்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்றும், சோலைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துவிட்டதென்றும் கூறுகிறது. ஜெனீவாவின் மூவர் சருகைச் சலித்துச் சென்றது 1972 நவம்பரில். ஒப்பீட்டுக்குரிய முதற்படங்கள் அதற்கு அடுத்த ஆண்டைச் சேர்ந்தவை. அந்தச் சிறிய குப்பிகள், பின்னர் சுருங்கிப்போன ஒரு காட்டின் கடைசி நாட்களிலிருந்து வந்த சாட்சிகளும் ஆயின.

சருகுவாழ் வண்டுகளில் பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டவை பல. ஒரே மரநிழலில் உணவும் ஈரமும் குறைவின்றிக் கிடைக்கையில் சிறகு சுமையே. ஆனால் அச்சோலை வெட்டப்பட்டால் அடுத்த மலைக்குப் போக அவற்றுக்கு வழியில்லை. வெயிற்பட்ட சமவெளி அவற்றுக்குக் கடலைப் போன்றது. ஒரு மலைச்சரிவில் மட்டுமே வாழும் இனத்துக்கு அச்சரிவின் அழிவே உலகின் அழிவு. 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்புக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. அதற்கு முன் அழிந்த சரிவுகளில் பெயரின்றியே முடிந்துபோன இனங்கள் எத்தனை என்பதற்கு மட்டும் மனிதரிடத்தில் கணக்கு இல்லை. ஓர் இலை உதிர்வதையும் அறிந்தவன் ஒருவனே அதை அறிவான்.

சிலவற்றைக் கொன்று இனத்தைப் பதிவு செய்பவன் ஒருபுறம்; ஒன்றையும் கொல்ல எண்ணாமலே இனத்தின் வீட்டை அழிக்கும் நம் தேவைகள் மறுபுறம். எறும்புப் புற்றின் கண்டனம் இவ்விரண்டில் எதற்குப் பொருந்தும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

அமானிதம்

மூலமாதிரி இறந்த பூச்சியாக இருக்கலாம். ஆனால் அது அமானிதம். அமானிதத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. யாரிடம் இருக்கிறது? உரியோர் கேட்டால் காட்டப்படுமா?

பழனி மலையின் வண்டு ஜெனீவாவில் இருக்கிறது. அதன் விவரணை ஜெர்மனில் இருக்கிறது. அம்மலையடியில் வாழும் ஒரு மாணவன் தன் ஊரின் உயிரை அறிய விரும்பினால் இரண்டு மதில்களைத் தாண்ட வேண்டும். இதைச் சொல்வது அம்மூவரைக் குறைகூறுவதற்கன்று. அவர்கள் எடுத்ததைக் காத்தனர், பதிந்தனர், உலகுக்கு அறிவித்தனர். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவிகள் 1895இலேயே ஓர் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையைத் தொடங்கி மலையின் உயிர்களைச் சேர்த்து வைத்தனர். அத்துறவிகளும் கடல் கடந்து வந்தவர்களே. இம்மலை நம்முடையது என்று கூறும் நாம் அதை அறிவதற்கு எவ்வளவு உழைத்தோம் என்பதே நம்மை நோக்கித் திரும்பும் கேள்வி.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் இவ்வகையில் ஒரு நெறியை வகுத்தது. இந்நாட்டில் புதிய இனம் ஒன்றைக் கண்டவர் எவராயினும், அதற்கென அமைக்கப்பட்ட நிறுவனத்துக்கு அறிவித்து, சான்றுடல்களை அங்கே ஒப்படைக்க வேண்டும். கண்டவர் உரிமையாளர் அல்லர் என்பதே அதன் உட்பொருள். ஆயினும் சட்டம் அலமாரியைத்தான் தர முடியும். அலமாரியைத் திறந்து பார்க்கும் கண்களை நம் இல்லங்களே தர வேண்டும். தோட்டத்து மண்ணைக் கிளறி வந்த பிள்ளை, ‘இது என்ன பூச்சி, வாப்பா?’ என்று கேட்கும்போது, ‘சீ, கையைக் கழுவு!’ என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். கையைக் கழுவச் சொல்லலாம். கேள்வியையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டியதில்லை.

பிணை நிற்றல்

நம் தமிழ்க் காப்பியமாகிய சீறாப்புராணத்தில் உமறுப் புலவர் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்று ஒரு படலம் வைத்தார். வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடைபெறுகிறது. அது திரும்பி வரும் என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பிணை நிற்கிறார்கள். நம் முன்னோர் இல்லங்களில் கூட்டமாக அமர்ந்து அதைக் கேட்டு உருகினர். வாயற்ற ஓர் உயிருக்காகச் சொல்லால் பொறுப்பேற்பது எத்துணைப் பெரிய செயல் என்பதை அப்படலம் நமக்குப் பதிய வைத்தது.

விவரிப்பவனும் தன் எளிய அளவில் செய்வது பிணை நிற்றலே. ‘இப்படி ஒன்று இருக்கிறது. இதை இன்ன மலையில், இன்ன நாளில் கண்டேன். இதோ அதன் உடல். என் சொல்லில் ஐயமிருந்தால் வந்து பாருங்கள். என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்’ என்கிறான். பதிவில் இல்லாத உயிருக்காக எவரும் வழக்காட இயலாது. இழப்புக் கணக்கில் சேர்வதற்குக்கூட ஒரு பெயர் வேண்டும். அப்பெயரைத் தருவதால் வண்டுக்கு ஒரு பெருமையும் கூடுவதில்லை. பெயரின்றியும் அது தன் படைத்தவனிடம் அறியப்பட்டதே. கடமை பிறப்பது நமக்குத்தான். அறியாதவரை, அறியோம் என்றிருந்தோம். அறிந்த பின் அவ்வாறு சொல்ல முடியாது.

இந்நெறி வண்டுகளோடு நிற்பதன்று. நாள்தோறும் நாம் மனிதர்களுக்கும் பெயரிடுகிறோம். இன்னார் இத்தகையவர் என்று விவரிக்கிறோம். திருமண வீட்டிலும் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் ஒருவருடைய நற்பெயரைப் பற்றி ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். யார் கண்டது, எங்கே கண்டது, எப்போது கண்டது என்னும் சீட்டு அச்சொல்லில் இருக்கிறதா? ஐயமுற்றவர் வந்து சோதிக்க வழி வைத்திருக்கிறோமா? சொன்னது யார் என்று கேட்டால் நம் பெயரைத் தருவோமா? ஒரு மில்லிமீட்டர் வண்டைப் பற்றி ஒரு வரி எழுதுபவன் இத்தனை கேள்விகளுக்கும் விடை வைத்த பிறகே எழுதுகிறான். மனிதனைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு அதனினும் குறைந்த சான்று போதும் என்று நமக்குச் சொன்னவர் யார்?